உடன் பார்த்தவர்

எங்கள் மாசிலாமணி சாருக்கு மனிதக் கண்ணில் நம்பிக்கை கிடையாது. அதிலும் தனி ஆளின் கண் என்றால் சுத்தமாகக் கிடையாது. "ரெண்டு கண்ணு பொய் சொல்லும்மா, நாலு கண்ணு சொல்லாது" என்பார். மயிலாப்பூரில் எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தவர்கள் முதலாண்டு மார்ச் மாதத்தில் அவரோடு வால்பாறைக்குப் போக வேண்டும். மழைக்காட்டையும், அதைக் கடித்துக் கடித்து உண்டாக்கிய காபி, தேயிலை, ஏலத் தோட்டங்களையும் நான்கு நாள் சுற்றி, எங்கே எந்த உயிர் எத்தனை இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதுவதற்குப் பச்சை அட்டை போட்ட நோட்டு. நேரம், இடம், உயிரினம், எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது, பார்த்தவர் கையெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் ஒரு கட்டம்: உடன் பார்த்தவர் கையெழுத்து. அது காலியாக இருந்தால் நீங்கள் யானையையே பார்த்திருந்தாலும் சார் கணக்கில் அது யானை இல்லை.

போட்டோ எடுத்துக் காட்டலாமே என்பீர்கள். தினமும் காலையில் எல்லோருடைய ஃபோனையும் ஒரு பெரிய பிஸ்கெட் டின்னில் வாங்கி மூடிவிடுவார். கண்ணால் பார்க்கத் தெரிந்த பிறகு ஃபோனால் பாருங்கள் என்பது அவர் கட்சி.

என் நோட்டில் பதினோராம் பக்கத்தில் அந்தக் கடைசிக் கட்டம் காலி. வகுப்பு முழுக்க யாருக்கும் கிடைக்காத ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நோட்டை ஒப்படைக்க வேண்டும். யார் நோட்டில் நல்ல பதிவு இருக்கிறதோ அந்த ஆளுக்குக் கோடை விடுமுறையில் அதே காட்டோரம் இருக்கும் ஆய்வு நிலையத்தில் இரண்டு மாதம் தங்கி வேலை செய்ய இடம். ஒரே ஓர் இடம். எனக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று வாழ்க்கையில் எதையும் நான் நினைத்ததில்லை.

கட்டம் ஏன் காலி என்று சொன்னால் என் வாய்க்கொழுப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது என் ஜோடி தமிழ்மொழி. பி.எஸ்சி. முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் கோபாலபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டுப் பெண். நான் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் ஒரு மீன்காரம்மா வீட்டுப் பெண். நான்கு வருடத்தில் எங்களைத் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கு வேறு ஃப்ரெண்டு கிடையாது. அவளுக்கு நிறைய உண்டு. இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை. இரவு பெய்த கோடை மழையில் அட்டைகள் கிளம்பிவிட்டன. அவள் காலில் ஒன்று ஏறி, பிய்த்துப் போட்ட பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஓடையில் கழுவிவிட்டு வருகிறேன் என்று சரிவில் இறங்கினாள். நான் மேலே ஏலச்செடிகளுக்கு நடுவில் அட்டை ஏறாமலிருக்க என் கால் உறையில் மூக்குப்பொடி தடவிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஜெசி! சிங்கவால் குரங்கு! ஒரு கூட்டமே! வா, வா!"

ஓடினேன். ஓடைக்கு மேலே கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன. இலை உதிர்ந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா? பாத்தியா?"

"கெள ஆடுது. கொரங்கக் காணோம்."

"இப்பதான்டி போச்சு. இந்தா, சைன் போடு."

நோட்டை நீட்டினாள். எங்கள் வகுப்பில் இது ஒரு விஷயமே இல்லை. தஹ்சீனும் ஆஷாவும் முதல் நாளே ஒருத்தி நோட்டில் இன்னொருத்தி பத்துக் கட்டத்துக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் எனக்குள் எங்கிருந்தோ மாசிலாமணி சார் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாக்கல. போட மாட்டேன்."

அவள் முதலில் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"என்ன நம்ப மாட்டியா?"

"நம்பறதுக்கும் கையெழுத்துக்கும் இன்னா சம்பந்தம்? சிங்கவாலுன்னு எத வெச்சு சொல்ற? கருமந்தியா கூட இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கருமந்திக்கும் சிங்கவால் குரங்குக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை அவள். நோட்டை மூடினாள். அன்று முழுக்க என்னோடு நடந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் தஹ்சீன், ஆஷாவோடு மூன்றாவது ஆளாகத் தேயிலைப் பக்கம் போய்விட்டாள். சார் வேறு பக்கம் போயிருந்தார். அறையில் தனியாக இருந்து என்ன செய்ய? எங்கள் ஜோடிக்கு ஒதுக்கிய காபித் தோட்டம் தங்கும் விடுதிக்குப் பின்னாலேயே இருந்தது. நான் மட்டும் போனேன்.

அங்கே காபிச் செடிகளுக்கு நிழலுக்காகப் பழைய காட்டு மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதில் ஒரு மரத்தின் அடியில் நிறைய விதைகளும் எச்சமும் கொட்டிக் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தேன். நாலு மாடி உயரத்தில் மரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயை மண்ணும் எச்சமும் வைத்துப் பூசி அடைத்து, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கீறல் விட்டிருந்தது. பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: உள்ளே ஒரு பெண் பறவை இருக்கிறது. ஒரு காபிச் செடிக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தது. யாரோ பெரிய பாயை உதறிக்கொண்டே வருவது போல இறக்கைச் சத்தம். மலை இருவாச்சி, ஆண். மஞ்சள் அலகு, அதன் மேல் கவிழ்த்து வைத்த இன்னொரு அலகு மாதிரிக் கொண்டை. பொந்தருகே தொற்றிக்கொண்டு தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்துக் கீறலுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. அடுத்த பழம். அடுத்தது. அவசரமே இல்லை. நான் எண்ணினேன். பதினேழு. பதினேழாவது பழத்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கிளம்பிப் போயிற்று.

மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். வகுப்பில் இருபத்து நாலு பேர். பஸ்ஸில் எண்ண முடியாது. அத்தனை பேர் நடுவிலும் எனக்கு வருகிற அந்தத் தனிமை, அந்த மரத்தடியில் வரவில்லை. அங்கிருந்து எழுந்து விடுதிக்கு நடந்தபோதுதான் வந்தது. சொல்ல ஆள் வேண்டுமே என்று நினைத்த நிமிடத்தில் வந்தது.

சாப்பாட்டு அறையில் சொன்னேன். "மலை இருவாச்சி பாத்தேன். கூடு. ஆண் வந்து பழம் குடுத்துச்சு."

"ஐயோ சூப்பர்! யாரு கூட?" என்றாள் தஹ்சீன்.

"தனியாத்தான்."

"ஓ" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டாள். தமிழ்மொழி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான்காம் நாள் காலையில் சாரிடம் போய் மரத்தைக் காட்டட்டுமா என்று கேட்டேன். வண்டி கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. "உடன் பார்த்தவர் இருக்காங்கல்ல? நோட்டுல போட்டுக் குடும்மா, போதும்" என்று பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

சென்னைக்கு வந்த பிறகு திங்கள், செவ்வாய் போயின. தமிழ்மொழி முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். எங்கள் பெஞ்சில் என் பை உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா அங்கே மீன் விற்கிறாள். நான் போனால் தராசுப் பக்கம் உட்காருவேன். அவள் அறுத்துக் கொடுப்பாள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அம்மாவிடம் இருவாச்சிக் கதையைச் சொன்னேன். அவள் சங்கராவின் செதிளைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"பொம்பளைய உள்ள வெச்சு அடைச்சுட்டு, வெளிய நின்னு சோறு போடுதா? நல்ல ஆம்பளடா சாமி."

"அது தானா உள்ள போய் அடைச்சுக்கும்மா. குஞ்சு பொரிக்கற வரைக்கும்."

"அதுக்கு அது இன்னா பண்ணிக்கினு இருக்கும் உள்ள? இருட்டா இருக்குமே."

இந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டதில்லை. பதில் சொல்வதற்குள் ஓர் அம்மா வந்து வஞ்சிரம் விலை கேட்டாள். வஞ்சிரம் போனது. அப்புறம் இறால் போனது. கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவே ஆரம்பித்தாள்.

"இன்னாடி, அந்தக் கட்டத்துல ஒரு கையெழுத்துதான? நோட்ட குடு, நான் போடறேன். ஜெசிந்தா அம்மான்னு போடறேன். எவன் வந்து கேப்பான்?"

சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். மாதா படத்துக்குக் கீழே தொங்குகிற பையில் கத்தியைப் போட்டுவிட்டு, "அந்த கோபாலபுரத்துப் பொண்ணு கைல போய்க் கேளு. கால்ல விழுந்தா கால் தேஞ்சா பூடும்?" என்றாள். பதினேழு பழம் என்று நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் லாயிட்ஸ் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோபாலபுரத்துக்குள் நடந்தேன். அவர்கள் வீடு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை அடுத்த பழைய பங்களா. பள்ளி விட்டு வெகு நேரமாகியிருந்தது. தெருவில் நிழலும் நானும்தான். வழி முழுக்க வசனம் தயார் செய்தேன். தப்பு என் பேரில்தான் என்று தொடங்கும். அப்புறம் அந்த மரத்தைப் பற்றிச் சொல்லுவேன். அவள் முதலில் முறைப்பாள், பிறகு எத்தனை பழம் என்று கேட்பாள். அவள் கேட்டே தீருவாள். எண்ணிக்கை என்றால் அவளுக்கு உயிர். கேட்டதும் எல்லாம் சரியாகிவிடும்.

கதவைத் திறந்தவள் அவள்தான். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஜெசி?"

"அந்த நோட்டு..."

"குடு."

வாங்கினாள். "எந்தப் பேஜ்?"

"பதினொண்ணு. தமிழு, நான் அன்னிக்கு..."

பதினோராம் பக்கத்தைத் திருப்பினாள். என் எழுத்தில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. நோட்டைச் சுவரில் வைத்து அழுத்தி, கடைசிக் கட்டத்தில் முழுப் பெயரையும் அழகாக எழுதித் தேதி போட்டாள். மூடிக் கையில் கொடுத்தாள்.

"படிக்கலியா?"

"எதுக்கு? நீ கேட்ட, போட்டேன். ஃப்ரெண்டுன்னா அவ்ளோதான். காபி குடிக்கறியா? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, நானே போடணும்."

"வேணாம்."

"சரி."

நான் கேட் வரைக்கும் போனபோது கதவு சாத்திய சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை. முகத்தில் நோட்டை விட்டெறிந்திருந்தாலும் தேவலை. வேண்டியது கைக்கு வந்துவிட்டது. காட்டில் எனக்கு இரண்டு மாதம் இடம் உறுதி. ஆனால் அந்தத் தெருவில் நடந்தபோது அழுகை வந்தது. நான் பார்த்ததை உலகத்தில் ஓர் ஆளும் கேட்கவில்லை என்பதற்காக அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குத் துறைக்குப் போனேன். சார் யாரோடோ ஃபோனில் இருந்தார். மேசையில் நோட்டுகள் சரிந்து கிடந்தன. வரிசை எண்படி அடுக்கு என்று கையாலேயே சைகை காட்டினார். அடுக்கினேன். பத்தொன்பது தமிழ்மொழி. அவள் நோட்டைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்.

இரண்டாம் நாள், காலை 8.20, ஓடையோரம். சிங்கவால் குரங்கு, பதினொன்று. பலாப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தன, ஒன்றுக்கு வால் பாதியில் அறுந்திருந்தது. பார்த்தவர்: தமிழ்மொழி. உடன் பார்த்தவர்: காலி.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடுத்த நாள் பக்கத்தில் தஹ்சீன் கையெழுத்தும் ஆஷா கையெழுத்தும் வரிக்கு வரி இருக்கின்றன. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டத்திலும் போட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. தனக்கு வாங்கிக்கொள்ளாத பொய்க் கையெழுத்தை எனக்கு மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வால் பாதியில் அறுந்த குரங்கைக் கற்பனை செய்து எழுதுகிறவள் இல்லை அவள். இது ஏலச்செடி நடுவில் நின்றபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும் கருமந்தி என்றேன்.

என் நோட்டைத் திறந்து பதினோராம் பக்கத்தில் அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் "தனியாகப் பார்த்தது" என்று எழுதினேன். ஊருக்குத்தான் உபதேசமா, எனக்கு இல்லையா? அது ஒரு பக்கம் இருக்கட்டும். படிக்காமல் போட்ட அந்தக் கையெழுத்தை அந்த மரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

சார் ஃபோனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"மலை இருவாச்சி. கூட்டுல. இத ஏம்மா அடிச்ச?"

"அவ கூட இல்ல சார். நான் மட்டும்தான் பாத்தேன்."

"அப்ப இது கணக்குல வராது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தஹ்சீன், ஆஷா நீர்நாய் பாத்திருக்காங்க. அவங்கள்ள ஒருத்தருக்குத்தான் போகும்."

"சரி சார்."

ஏதாவது சொல்லுவார் என்று ஒரு நிமிடம் நின்றேன். விதியைக் கொஞ்சம் தளர்த்துவார், நாளைக்கு அங்கே ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுவார் என்று. அவர் அடுத்த நோட்டை எடுத்துவிட்டார்.

லஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தேன். வெயில் இறங்கவில்லை. பூக்காரி ஒருத்தி மல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஃபோனை எடுத்துத் தமிழ்மொழியைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு."

"தமிழு, அந்தக் கொரங்கு... மொத்தம் எத்தினி இருந்துச்சு?"

அவள் எங்கேயோ எழுந்து போவது கேட்டது. ஒரு கதவு சாத்தியது.

"பன்னெண்டு" என்றாள். "பதினொண்ணுன்னு எழுதிட்டேன். ஒரு குட்டி அம்மா வயித்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அது தாவும்போதுதான் குட்டியோட கை தெரிஞ்சுது. சின்ன கை."

"வாலு அறுந்த ஒண்ணு?"

"அது கிழம். எல்லாத்துக்கும் கடைசியா போச்சு. போறதுக்கு முன்னாடி என்ன பாத்துச்சு ஜெசி. ஓடாம, நின்னு பாத்துச்சு. மேல ஒன்ன கூப்புடலாம்னு திரும்பினேன். கத்துனா ஓடிடும்னு பயம். அதான் கத்தாம ஓடி வந்தேன்."

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். பலாப்பிஞ்சு மேலே விழுந்ததை, தண்ணீரில் தன் ரத்தம் கரைந்து போனதை. நான் ம், ம் என்று கேட்டேன். சொல்லி முடித்தபோது மூச்சு விட்டாள்.

"இத நீ அன்னிக்கே கேட்டிருக்கலாம்" என்றாள்.

ஆமாம் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். என் இருவாச்சியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கோடு போட்டதையும் நான் சொல்லவில்லை. எத்தனை பழம் என்று யாருக்கும் தெரியாது.

பட்டினப்பாக்கம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறு ஏறு என்றார். நான் ஏறவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டால் பஸ் இரைச்சலில் காதில் விழாமல் போய்விடும். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.